இன்னும் ஒரே ஒரு துண்டு!

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போயிருக்கிறீர்களா? நெசவாளர்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. மற்ற நாட்களில் அங்கே நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறியின் 'டக் டக்' ஓசை கேட்கும். தீபாவளியன்று அந்த ஓசை அடங்கிவிடும். அதற்குப் பதிலாக வெடிச் சத்தமும், கடலைமாவும் நெய்யும் கலந்த வாசனையும் தெருவை நிறைத்துக்கொள்ளும்.

நீங்களும் அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல். குளித்ததும் பாட்டி ஓர் உருண்டை லேகியம் தருகிறார். அடுத்து புதுச்சட்டை, ஓர் அதிரசம். ஏழு மணிக்கு இட்லியோடு இரண்டு துண்டு மைசூர்பாகு. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வருகிறது. அதில் ஜாங்கிரியும் ரவா லட்டும். பத்து மணிக்கு அத்தை வீட்டுக்குப் போகிறீர்கள். "நாளும் கிழமையுமா வேணாம்னு சொல்லாதே, எடுத்துக்கோ கண்ணு" என்கிறார் அத்தை. மாலையில் வயிறு கல்லைப்போல் கனக்கிறது. 'இனி இனிப்பே வேண்டாம்' என்று படுத்துக்கொள்கிறீர்கள். இரவு எட்டு மணிக்குச் சமையலறையில் டப்பா திறக்கும் ஓசை கேட்கிறது. கை தானாக நீள்கிறது. 'இன்னும் ஒரே ஒரு துண்டு!'

வயிறு போதும் என்கிறதே, பிறகு கை ஏன் நீள்கிறது? 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். உடலியல் தரும் விடை வேறு. அந்த விடையைத் தெரிந்துகொண்டால், பண்டிகையின் மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்காமலே ஆசையை அடக்கியாளலாம். எப்படி என்று பார்ப்போம்.

பூனைக்குத் தெரியாத சுவை

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை வைத்தால் அது சப்புக்கொட்டும். கசப்பான துளியை வைத்தால் முகத்தைச் சுளிக்கும். இதை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இனிப்பின்மீது விருப்பம் நம்மோடு பிறக்கிறது. தாய்ப்பாலே இனிப்பானதுதான், 100 மில்லி லிட்டர் தாய்ப்பாலில் ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது.

காட்டில் உணவு தேடி அலைந்த ஆதி மனிதனுக்கு இந்த விருப்பம் வழிகாட்டியாக இருந்தது. இனிப்பான பழம் என்றால் சக்தி தரும் உணவு. கசப்பான காய் என்றால் நஞ்சாக இருக்கலாம். ஆனால் பழமும் தேனும் தினமும் கிடைப்பவை அல்ல. கிடைத்த நாளில் வயிறு நிறையத் தின்று, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்தவர்களே உணவு கிடைக்காத நாட்களைத் தாண்டினார்கள். நாம் அவர்களுடைய வழித்தோன்றல்கள். பழம் அரிதாகக் கிடைத்த காலத்துக்கு ஏற்ற உடலோடு, ஜாங்கிரி தட்டுத் தட்டாக வரும் காலத்தில் வாழ்கிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நாக்கின் நுனியில் மட்டுமே இனிப்பு தெரியும் என்று பழைய பாடநூல்களில் படம் போட்டிருப்பார்கள். அது தவறு. சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் இனிப்பை உணரலாம். சுவை மொட்டில் உள்ள சில செல்களின் மேற்பரப்பில், பூட்டுப் போன்ற ஒரு புரத அமைப்பு இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறு அதில் சாவியைப் போலப் பொருந்தும்போது மூளைக்குச் செய்தி போகிறது. இந்தப் பூட்டை விஞ்ஞானிகள் 2001-ல் கண்டறிந்தார்கள். பூனைக்கு இந்தப் பூட்டின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் தெரியவந்தது. ஆகவே பூனைக்கு இனிப்பு தெரியாது! உங்கள் வீட்டுப் பூனை மைசூர்பாகைத் தேடி வந்தால், அது வருவது நெய்க்காகத்தான்.

பசி வேறு, ஆசை வேறு

உணவைப் பற்றி மூளைக்குப் பல இடங்களிலிருந்து செய்திகள் வருகின்றன. இரைப்பை காலியாக இருக்கும்போது அது கிரெலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் கொஜிமாவும் கங்காவாவும் 1999-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமான சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இரத்தத்தில் கிரெலின் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இதைப் பசியின் தூதன் எனலாம்.

இன்னொரு தூதன் லெப்டின். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழுவினர் 1994-ல் இதைக் கண்டறிந்தனர். உடலின் கொழுப்புச் செல்கள் இதைச் சுரக்கின்றன. 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்குத் தெரிவிப்பது இதன் வேலை. இவை தவிர, இரைப்பை விரியும்போது நரம்புகள் வழியாகவும், உணவு சிறுகுடலை அடையும்போது வேறு சில ஹார்மோன்கள் வழியாகவும் 'போதும்' என்ற செய்தி புறப்படுகிறது.

ஆனால் இந்தச் செய்திகள் முழுமையாகச் சேர நேரம் பிடிக்கும். பொதுவாக 15 முதல் 20 நிமிடம் என்று கொள்ளலாம். ஒரு துண்டு மைசூர்பாகை விழுங்க அரை நிமிடம்கூட ஆகாது. 'போதும்' என்ற செய்தி வந்து சேர்வதற்குள் நாலு துண்டுகள் உள்ளே போய்விடும்!

இவை பசியைப் பற்றிய செய்திகள். ஆசை வேறொரு பாதையில் வருகிறது. சுவையான உணவைக் கண்டாலும், அதன் வாசனையை முகர்ந்தாலும், ஏன், டப்பா திறக்கும் ஓசையைக் கேட்டாலும்கூட, மூளையின் சில பகுதிகளில் டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. 'முன்பு இது நன்றாக இருந்ததே, எடு' என்று அது தூண்டுகிறது. வயிறு காலியா நிறைந்ததா என்று அது அதிகம் பொருட்படுத்துவதில்லை.

பசியா ஆசையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. 'இப்போது இரண்டு இட்லியைத் தட்டில் வைத்தால் சாப்பிடுவேனா?' என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். 'சாப்பிடுவேன்' என்றால் அது பசி. 'இட்லி வேண்டாம், ஜாங்கிரிதான் வேண்டும்' என்றால் அது ஆசை.

பாயசத்துக்குத் தனி இடமா?

கல்யாண விருந்தில் ரசத்தோடு போதும் என்று கையை எடுத்துவிடுகிறோம். 'இனி ஒரு பருக்கை இறங்காது' என்கிறோம். அப்போது பாயசம் வருகிறது. அது மட்டும் எப்படியோ இறங்கிவிடுகிறது! வயிற்றில் பாயசத்துக்கென்று தனி அறை எதுவும் இல்லை.

ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிடும்போது அந்த உணவின் சுவை நமக்குச் சலித்துப்போகிறது. மற்ற உணவுகள்மீது அவ்வளவு சலிப்பு வருவதில்லை. 1981-ல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ஒரே வகைச் சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நாலு வகைச் சாண்ட்விச்களை மாற்றி மாற்றிக் கொடுத்தபோது மக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள்.

இப்போது தீபாவளித் தட்டை நினைத்துப் பாருங்கள். லட்டு சலித்தால் அதிரசம் இருக்கிறது. இனிப்பு திகட்டினால் முறுக்கும் மிக்சரும் இருக்கின்றன. காரம் தின்று முடித்ததும் மறுபடி இனிப்பு இனிக்கத் தொடங்குகிறது. பலவகைப் பலகாரம் நிறைந்த தட்டின்முன் 'போதும்' என்ற உணர்வு தோற்றுப்போவதில் வியப்பில்லை.

தூக்கம் கெட்டால் பசி ஏறும்

தீபாவளிக்கு முதல் நாள் இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? வெடி, உறவினர் வருகை, பலகார வேலை என்று பதினோரு மணி ஆகிவிடும். காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்கள்.

தூக்கத்துக்கும் பசிக்கும் தொடர்பு உண்டு. 2004-ல் வெளிவந்த சிகாகோ ஆராய்ச்சி ஒன்றில், உடல்நலமுள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். பிறகு வேறு இரண்டு இரவுகள் பத்து மணி நேரம் படுக்கவிட்டு ஒப்பிட்டார்கள். தூக்கம் குறைந்தபோது பசியின் தூதனாகிய கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது. அந்த இளைஞர்களின் மனம் குறிப்பாக இனிப்பையும், உப்பிட்ட நொறுக்குத்தீனியையும், மாவுச்சத்து உணவுகளையும் நாடியது. தீபாவளித் தட்டில் இருப்பவையும் இவைதாமே!

நெசவாளர் வீட்டுக் கணக்கு

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக்கு வேண்டிய பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டே நெசவாளரிடம் கொடுப்பார்கள். நெய்து முடித்த சேலையும் தராசில் ஏறும். கண்மதிப்பில் யாரும் விடுவதில்லை. அதே கணக்கை மைசூர்பாகுக்கும் போட்டுப் பார்ப்போமா?

வீட்டில் செய்யும் மைசூர்பாகுக்கு 100 கிராம் கடலைமாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் சர்க்கரை தருவது 4 கிலோகலோரி. ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கிலோகலோரி. ஆகவே சர்க்கரையிலிருந்து 800, நெய்யிலிருந்து 1,800, கடலைமாவிலிருந்து ஏறக்குறைய 380. மொத்தம் சுமார் 3,000 கிலோகலோரி. இதை 20 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு 150 கிலோகலோரி. அதில் 10 கிராம் சர்க்கரை, 10 கிராம் நெய்.

சிறிய இட்லி ஒன்று ஏறக்குறைய 50 கிலோகலோரி. அப்படியானால் மூன்று துண்டு மைசூர்பாகு ஒன்பது இட்லிக்குச் சமம்! ஒன்பது இட்லியை உண்டால் வயிறு விரிந்து 'போதும்' என்று சொல்லியிருக்கும். மூன்று துண்டு மைசூர்பாகோ இரைப்பையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். இனிப்புப் பலகாரத்தில் நீரும் நார்ச்சத்தும் மிகக் குறைவு. சின்ன இடத்தில் பெரிய சக்தி அடைந்து கிடப்பதால், வயிற்றின் எச்சரிக்கை நமக்குக் கிடைப்பதில்லை.

பண்டிகை நாளில் செலவும் குறைந்துவிடுகிறது. தறிக்குழியில் அமர்ந்து காலால் மிதித்தும் கையால் நாடாவை ஓட்டியும் உழைப்பவருக்கு அன்று ஓய்வு. உங்களுக்கும் பள்ளிக்கூட நடையும் விளையாட்டு வகுப்பும் இல்லை. ஒரு துண்டு மைசூர்பாகின் சக்தியைச் செலவிட வேண்டுமானால், ஐம்பது கிலோ எடையுள்ள மாணவர் ஏறக்குறைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

இரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அந்த இரத்தம் முழுவதிலும் சாதாரண நேரத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு! இந்த அளவை ஏறவும் இறங்கவும் விடாமல் உடல் இரவும் பகலும் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு துண்டு மைசூர்பாகில் உள்ள 10 கிராம் சர்க்கரை, செரிமானத்தில் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. அதாவது இரத்தம் முழுவதிலும் இருக்கும் அளவு குளுக்கோஸ் ஒரே துண்டில் வந்துவிடுகிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் குளுக்கோஸைத் தசைச் செல்களுக்குள்ளும் கொழுப்புச் செல்களுக்குள்ளும் நுழைய வைக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் சில நூறு கிராம் வரை கிளைக்கோஜனாகச் சேமிக்க இடமுண்டு. அந்தக் கிடங்குகள் நிறைந்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் கொழுப்பாகவே சேர்கிறது.

பல்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பல்மேல் படியும் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. ஒவ்வொரு முறை இனிப்பு தின்ற பிறகும் அந்த அமிலம் தணிய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நாலு துண்டை ஒரே வேளையில் தின்பதைவிட, நாள் முழுவதும் அரை மணிக்கு ஒரு துண்டாகக் கொறிப்பது பல்லுக்குப் பெரிய கேடு.

லேகியமும் வெல்லமும்

'லேகியம் சாப்பிட்டாயிற்று, இனி எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். தீபாவளி லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போன்றவை சேர்கின்றன. இஞ்சி இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதை ஓரளவு விரைவுபடுத்தும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கி மந்தத்தை உண்டாக்கும். ஆகவே பாட்டியின் வைத்தியத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் லேகியம் மந்தத்தைத்தான் தணிக்கும். தின்ற சர்க்கரையை இல்லாமல் ஆக்கிவிடாது. லேகியத்திலும் வெல்லமும் நெய்யும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

'வெல்லத்தில் செய்த அதிரசம் தீங்கு செய்யாது' என்பதும் அப்படித்தான். வெல்லத்தில் இரும்புச்சத்தும் வேறு சில தாதுப்புகளும் சிறிதளவு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. சக்தி அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பட்டினி ஈடாகுமா?

'மாலையில் நிறையத் தின்னப் போகிறேன், அதனால் காலையும் மதியமும் பட்டினி' என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். இது எதிர்மாறான பலனையே தரும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் தேவையில் ஏறக்குறைய பாதி உணவே கொடுக்கப்பட்டது. அவர்களுடைய பேச்சும் கனவும் உணவைப் பற்றியே ஆகிவிட்டன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள்! சோதனை முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது, சிலரால் எவ்வளவு தின்றும் நிறுத்த முடியவில்லை.

ஒரு வேளைப் பட்டினியை அந்தச் சோதனையோடு சமமாக வைக்க முடியாது. ஆனாலும் திசை ஒன்றுதான். காய்ந்த வயிற்றோடு பலகாரத் தட்டின்முன் உட்கார்ந்தால் பசியும் ஆசையும் கைகோத்துக்கொள்ளும். வளரும் வயதில் உள்ள உங்களுக்குப் பட்டினி எந்த வகையிலும் நல்லதல்ல.

ஒரு நாளா, நூறு நாளா?

ஒரு தீபாவளிக்கு இரண்டு துண்டு அதிகம் தின்றதால் யாருக்கும் நீரிழிவு வந்துவிடாது. கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வரும் நாட்களை. நவராத்திரிச் சுண்டலோடு தொடங்கும் பண்டிகைக் காலம், தீபாவளி, கார்த்திகைப் பொரியுருண்டை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்று தை மாதம் வரை நீள்கிறது.

இதுபோன்ற பண்டிகைக் காலத்தைப் பற்றி அமெரிக்காவில் 195 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2000-ல் வெளிவந்தது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை அவர்களுடைய எடை சராசரியாக 0.37 கிலோ கூடியிருந்தது. இது சிறிய அளவுதான். ஆனால் அந்த எடை அடுத்த ஆண்டில் பெரும்பாலும் குறையவே இல்லை. ஆண்டுதோறும் இப்படிச் சேர்ந்தால் பத்து, இருபது ஆண்டுகளில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நம் நாட்டுக்கு இது வேடிக்கையான கணக்கல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய 14 பேர். பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், உணவு என்று பல காரணங்கள் இதில் சேருகின்றன. இவற்றில் பரம்பரையை நாம் மாற்ற முடியாது; மற்றவற்றில் நமக்கும் பங்கு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த அறிவுரைப்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை நம் அன்றாட சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்பவருக்கு இது 50 கிராம். இதில் பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது. காப்பி, டீ, குளிர்பானம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

என்ன செய்யலாம்?

கோயிலில் பிரசாதம் வாங்கியிருப்பீர்கள். சர்க்கரைப்பொங்கல் உள்ளங்கை அளவுதான் கிடைக்கும். அதை நின்று, நிதானமாக, விரலை நக்கிச் சாப்பிடுகிறோம். அந்தச் சுவை நெடுநேரம் நினைவில் நிற்கிறது. வீட்டிலோ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி எட்டுத் துண்டு தின்கிறோம்; எட்டாவது துண்டின் சுவை நமக்கு நினைவே இல்லை. அளவும் கவனமும் இருந்தால் சுவை கூடும் என்பதை உள்ளங்கைப் பொங்கல் காட்டுகிறது. இதையே வீட்டிலும் பின்பற்றலாம்.

1. டப்பாவிலிருந்து நேராகத் தின்னாதீர்கள். சிறிய தட்டில் எடுத்து வைத்து, டப்பாவை மூடி, கண்ணில் படாத உயரத்தில் வைத்துவிடுங்கள். கண்ணில் படாதபோது டோபமின் தூண்டுதலும் குறையும்.

2. எல்லா வகையிலும் ஒன்று என்று எடுக்காமல், உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றிரண்டு வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவை நாளைக்கு இருக்கட்டும்.

3. காலை உணவைத் தவிர்க்காதீர்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மூங்கில் குடலையில் இலை வைத்து வேகவைப்பது. இட்லி, சுண்டல், பயறு, காய்கறி போன்றவற்றில் வயிறு பாதி நிறைந்த பிறகு இனிப்புக்கு வந்தால் ஆசை அளவோடு நிற்கும்.

4. இரண்டாவது முறை எடுக்குமுன் 20 நிமிடம் பொறுங்கள். 'கூடாது' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். 'இருபது நிமிடம் கழித்து' என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

5. பலகாரத் தட்டை உறவினர் வீடுகளுக்குக் கொண்டு கொடுக்கும் வேலையை நீங்களே ஏற்று, நடந்தே போங்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன.

6. இனிப்பு தின்றதும் வாயைக் கொப்பளியுங்கள். இரவு படுக்குமுன் பல் துலக்குங்கள்.

7. நீரிழிவு உள்ள தாத்தா பாட்டியையோ நண்பரையோ 'நல்ல நாள், ஒன்றே ஒன்று' என்று வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்கள் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தட்டில் சுண்டலை வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

8. யாருடைய உடம்பையும் கேலி செய்யாதீர்கள், உங்கள் உடம்பையும் சேர்த்துத்தான். ஒரு நாள் அதிகம் தின்றுவிட்டால் அது குற்றமல்ல. மறுநாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள், அதுவே போதும்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு இனிப்பு தின்ற பிறகு, 'இன்னொன்று வேண்டும்' என்ற ஆசைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதுங்கள். டப்பாவை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். 20 நிமிடம் கழித்து மறுபடி மதிப்பெண் போடுங்கள். இன்னொரு நாள் டப்பாவைத் திறந்து எதிரிலேயே வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. ஒருவருடைய மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். இரண்டு நாள் மதிப்பெண்களையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் வரையுங்கள். ஆசை எப்போது ஏறுகிறது, எப்போது தானாகவே இறங்குகிறது என்பதை உங்கள் நோட்டே சொல்லும்.

அடுத்த பண்டிகையன்று கை டப்பாவை நோக்கி நீளும்போது உங்கள்மீது கோபப்படாதீர்கள். பழங்காலக் காட்டில் உயிர்காத்த ஓர் ஏற்பாடு உங்களுக்குள் இன்னும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பாருங்கள். இருபது நிமிடம் கழித்தும் வேண்டுமென்று தோன்றினால், ஒரு துண்டை எடுத்து, பிரசாதத்தைப் போல உள்ளங்கையில் வைத்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். அந்த ஒரு துண்டு நன்றாகவே இனிக்கும்.